பஞ்சர் ஒட்டுவதா, டியூப் மாற்றுவதா? வீட்டில் சைக்கிள் பார்ப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு

"டியூப் விலையே இருநூறு ரூபாய்தான், அதைப் போய் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். "ஒரு ஒட்டில் முடிகிற வேலைக்குப் புது டியூபா?" என்று வேறு சிலர். இருவருமே விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் விலை கடைசியாகப் பார்க்க வேண்டியது. உங்கள் சைக்கிளில் சக்கரம் எவ்வளவு சுலபமாகக் கழலும், ஓட்டை டியூபில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

## அது பஞ்சர்தானா?

காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் இல்லை. பழைய மாடல் கறுப்பு சைக்கிளிலும் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் பல சைக்கிள்களிலும் வால்வுக்குள் ஒரு சின்ன உலோகக் குச்சி இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு துளை, துளையை மூடியபடி ஒரு ரப்பர் உறை. அதுதான் வால்டியூப். பம்பு அடிக்கும்போது காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. அடிப்பது நின்றதும் ரப்பர் துளையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வெயிலில் நிற்கிற சைக்கிளில் இந்த ரப்பர் விறைத்து வெடித்துப்போகும். அப்புறம் இரவு அடித்த காற்று காலையில் இருக்காது.

சோதிக்க ஒரு பழைய வழி போதும். காற்று அடித்துவிட்டு வால்வின் வாயில் விரலால் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி எழும்பி உடைந்தால் டயரைத் தொடவே வேண்டாம். வால்டியூபை மாற்றினால் போதும். சில்லறைக் காசுதான். பைக், கார் டயரில் இருக்கிற மாதிரி நடுவில் ஊசி போன்ற பின் உள்ள வால்வு என்றாலும் இதே சோதனைதான். அங்கே உள்ளிருக்கும் பின்னைச் சற்று முறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

குமிழி வரவில்லையா? சரி, பஞ்சர்தான். மேலே போகலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

சக்கரம். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. டியூப் என்பது மூடிய வளையம். புது டியூப் போட வேண்டுமானால் சக்கரத்தைச் சைக்கிளிலிருந்து கழற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, டியூபை உருவி வெளியே தொங்கவிட்டு ஒட்டிவிட்டு மறுபடி உள்ளே திணித்துவிடலாம். சைக்கிள் கடைக்காரர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே இப்படித்தான் முடித்துவிடுவார்.

குயிக் ரிலீஸ் நெம்புகோல் (ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே தளர்த்துவது) உள்ள சைக்கிளில் சக்கரம் ஒரு நிமிடத்தில் கையோடு வரும். பழைய மாடல் சைக்கிளின் பின் சக்கரமோ வேறு கதை. அச்சு நட்டிலேயே ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி எல்லாம் வரிசையாக மாட்டியிருக்கும். செயின் கவர் வேறு. கழற்றியதை விடத் திரும்ப மாட்டுவதுதான் பாடு. வாஷர் வரிசை மாறக்கூடாது, செயின் இறுக்கம் சரியாக வேண்டும், சக்கரம் நடுவில் நிற்க வேண்டும். புது டியூபின் உண்மையான விலை இந்த வேலைதான்.

ஓட்டையின் இடம். ஓட்டை இருக்கும் பக்கமே காரணத்தையும் சொல்லிவிடும். தரையைத் தொடும் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி என்றால் முள், ஆணி, கண்ணாடி. அருகருகே இரண்டு சின்னக் கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ இறக்கியிருக்கிறீர்கள். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம், அதாவது உள்வட்டத்தில் ஓட்டை என்றால் ரிம்முக்குள் சுற்றிய நாடா விலகி ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது. நேராகப் புது டியூப்தான்.

நேரமும் இடமும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் இருக்கிறீர்களா, எட்டரை மணிப் பள்ளிக்கு ஏழே முக்காலுக்குப் பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எத்தனை நாள் தாங்கும், பிறகு செலவு. செலவில் பம்பையும் சேர்க்க வேண்டும். பம்பு இல்லாத வீட்டில் ஒட்டு டப்பா வாங்கி வைத்துப் பயனில்லை.

எந்த வழியில் போனாலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: குத்தியதைக் கண்டுபிடிப்பது. கருவேல முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிதான். லாரி டயர் தேய்ந்து உதிர்கிற கம்பித் துணுக்கு இன்னும் மோசம், தலைமுடி மாதிரி இருக்கும். ஒரு பஞ்சுத் துண்டையோ பழைய பனியன் துணியையோ டயரின் உட்புறம் சுற்றிலும் தேய்த்துக்கொண்டு போங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே ஆள் ஒளிந்திருக்கிறார். வெறும் விரலை வேகமாக ஓட்டாதீர்கள். வால்வை அடையாளமாக வைத்து டியூபை டயர் மேல் பொருத்திப் பார்த்தால் தேட வேண்டிய இடம் ஒரு சாண் தூரத்துக்குக் குறைந்துவிடும்.

## சொல்யூஷன் போட்டு ஒட்டுவது

கடைக்காரர் செய்வதும் இதுதான், வீட்டில் செய்யத் தகுந்ததில் நெடுநாள் நிற்பதும் இதுதான். சின்ன டியூபில் சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் ரப்பர் பசை), ஓர் உப்புத்தாள், சில ஒட்டுகள் கொண்ட டப்பா பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டை வைத்து ஒட்டினாலும் நிற்கும். ஆனால் ஓரம் மெலிந்து வரும் ஆயத்த ஒட்டு டயருக்குள் சீராகப் படியும். வெட்டிய துண்டின் தடித்த ஓரம் நாளடைவில் தூக்கும். ஜெர்மனியின் ரெமா டிப் டாப் போன்ற டப்பாக்களில் வரும் ஒட்டின் அடி அடுக்கு சொல்யூஷனோடு வினைபுரிந்து ரப்பரோடு ரப்பராக இணைந்துவிடும். சரியாக ஒட்டியதைப் பிறகு பிய்க்க முயன்றால் டியூப்தான் கிழியும்.

ஒட்டு தோற்பதற்கு அனேகமாக அவசரம்தான் காரணம். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும்: பளபளப்பு போய் மங்கலான கறுப்பு தெரியும்வரை. டியூபில் நெடுக ஓடும் மெல்லிய தையல் போன்ற வரம்பு ஒட்டுக்கு அடியில் வந்தால் அதையும் மட்டமாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் ஓரத்திலேயே காற்று வழி கண்டுபிடிக்கும். சொல்யூஷனை ஒட்டை விடப் பெரிய வட்டமாக, மெல்லியதாகத் தடவுங்கள். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அழுத்துகிறவர்கள்தான் அதிகம். இது காகிதத்துக்குப் போடும் கோந்து இல்லை. ஈரப் பளபளப்பு மறைந்து, விரல் முதுகால் தொட்டால் சற்றுப் பிடித்துக்கொண்டு ஒட்டாமல் விடுகிற பதம் வர வேண்டும். ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதிக் காயவைக்காதீர்கள், மூச்சின் ஈரம் படியும். ஒட்டின் அடிப்பக்கத் தாளை உரித்த பிறகு அந்தப் பக்கத்தில் விரல் படக்கூடாது. வைத்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, சுற்றிலும் கொஞ்சம் முகப் பவுடர் தூவிவிடுங்கள். மிச்சப் பசை டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

மறைமுகச் செலவு என்றால் சொல்யூஷன்தான். ஒரு தடவை திறந்தால் நம் வெயிலுக்கு மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சில மாதத்தில் உள்ளே காய்ந்துவிடும். அடுத்த பஞ்சருக்கு டப்பாவைத் திறந்தால் வெறும் தகர உறைதான் இருக்கும். பெரிய டியூபாக வாங்குவதை விடச் சின்னதாக இரண்டு வாங்கி ஒன்றைத் திறக்காமல் வைப்பது நல்லது. தீப்பற்றும் பொருள், அடுப்பங்கரையிலும் விளக்கருகிலும் வேண்டாம், குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது.

சொல்யூஷன் இல்லையென்று ஃபெவிக்விக் மாதிரியான பசையால் ஒட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அது காய்ந்தால் கண்ணாடிபோல விறைக்கும். டியூப் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் வளைகிறது, விறைத்த பசை விரிசல்விட்டுவிடும்.

## ஸ்டிக்கர் ஒட்டு

பசை தடவிய மெல்லிய சதுரங்கள். உரித்து ஒட்ட வேண்டியதுதான், சொல்யூஷனும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். பார்க் டூல் போன்ற நிறுவனங்களின் டப்பா தீப்பெட்டியை விடச் சின்னது. பையில் ஒரு மூலையில் கிடக்கும், திறந்தாலும் காயாது.

தேய்த்துச் சுத்தம் செய்வது இதற்கும் தேவை. ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்: இந்த ஒட்டு டியூபோடு சேர்ந்து அவ்வளவாக விரியாது. ஒட்டிய பிறகு சோதிப்பதற்காக டயருக்கு வெளியே டியூபைப் பலூன் மாதிரி ஊதினால் ஓரம் பிய்ந்துவிடும். டயருக்குள் வைத்து மாட்டிய பிறகே காற்று அடிக்க வேண்டும். நம் ஊரில் மத்தியான வெயிலில் நிறுத்துகிற சைக்கிளுக்கு இதை நிரந்தரமான ஒட்டாக நான் நம்பமாட்டேன். வழியில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, ஓய்வாக முறையான ஒட்டு போடலாம்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் இதுதான் சரியான வழி. எடை குறைந்த, பிளாஸ்டிக்போல் ஒளி ஊடுருவும் டி.பி.யூ. டியூப்கள் இப்போது ரோடு சைக்கிள்காரர்களிடம் இருக்கின்றன. அவை ரப்பரே இல்லை. சாதாரணச் சொல்யூஷன் அவற்றில் வேலை செய்யாது. அவற்றுக்கென்று வரும் ஸ்டிக்கர் ஒட்டைத்தான் போட வேண்டும்.

## புது டியூப்

சக்கரம் சுலபமாகக் கழலும் சைக்கிளில் இதை விட வேகமான வழி இல்லை. ஓட்டையைத் தேடும் வேலையே கிடையாது. முள்ளை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

சங்கடம் அளவில்தான். கடையில் போய் "இருபத்தாறு இஞ்ச் டியூப்" என்று கேட்காதீர்கள். 26 × 1 3/8 என்பதும் 26 × 1.95 என்பதும் வேறு வேறு. முதலாவது ஒல்லி டயர், ரிம்மில் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். இரண்டாவது மலை சைக்கிள் வகைத் தடித்த டயர், 559 மில்லிமீட்டர். பெயரில் மட்டும்தான் இரண்டும் இருபத்தாறு. பெரியவர்கள் ஓட்டிய 28 × 1 1/2 சைக்கிளுக்கு 635. இன்றைய 700சி சைக்கிளுக்கு 622. டயரின் பக்கச் சுவரில் இந்த எண் பொறித்திருக்கும். செல்போனில் படமெடுத்துக்கொண்டு போனால் பேச்சே வேண்டாம்.

அடுத்தது வால்வு. ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கான ரிம் துளையில் தடித்த பைக் வகை வால்வு நுழையாது. தடித்த துளையில் ஒல்லி வால்வு நுழையும், ஆனால் ஆடிக்கொண்டே இருந்து அடியில் கிழியும். உங்கள் பம்பின் வாயும் அந்த வால்வுக்குப் பொருந்த வேண்டும்.

விலை நூற்றைம்பதில் தொடங்கி முந்நூறு வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்கும் தரத்துக்கும் ஏற்ப மாறும். புது டியூபைப் போட்ட கையோடு ஓட்டையாக்குவதும் சாதாரணமாக நடக்கும். டயரின் கடைசிச் சாண் விளிம்பு ரிம்முக்குள் ஏற மறுக்கும். பொறுமையிழந்து ஸ்குரூடிரைவரைப் போட்டு நெம்பினால் நுனி டியூபைக் கடித்துவிடும். எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கிவிட்டால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும், கட்டைவிரலாலேயே ஏற்றலாம். டியூபில் முன்னதாகவே பம்பால் நாலைந்து தடவை காற்று அடித்து உருண்டையாக்கிக்கொண்டால் மடிப்பும் விழாது.

டயரையும் டியூபையும் இப்படிக் கழற்றி மாட்ட முடிவதே ஒரு காலத்தில் புதுமை. டன்லப் 1888-இல் காற்று டயரைக் கொண்டுவந்தபோது அது ரிம்மோடு ஒட்டியிருந்தது, பஞ்சர் பார்ப்பது மணிக்கணக்கான வேலை. கழற்றி மாட்டும் டயருக்கு மிஷ்லென் சகோதரர்கள் 1891-இல் காப்புரிமை எடுத்தார்கள். அதே ஆண்டு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் அந்த டயரில் ஓட்டிய ஷார்ல் தெரோன் வென்றார்.

பழைய டியூபைத் தூக்கிப்போடாதீர்கள். ஒட்டி, பவுடர் போட்டு மடித்துப் பையில் வைத்தால் அதுவே அடுத்த முறைக்கு மாற்று.

## சீலன்ட் திரவம்

ஸ்லைம் போன்ற பச்சைத் திரவங்களை விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். வால்வின் உட்பகுதியைக் கழற்றி, ஒரு டியூபுக்கு நூறு மில்லிக்குச் சற்று மேல் ஊற்ற வேண்டும். சக்கரம் சுழலும்போது அது வெளிச்சுற்றில் படிந்து, முள் குத்திய இடத்தில் உள்ளிருக்கும் நார்த்துணுக்குகள் அடைத்துக்கொள்ளும்.

தரைப் பக்கத்துச் சின்ன ஓட்டைக்கு மட்டும் இது நன்றாகக் கேட்கும், அதிகபட்சம் 3 மில்லிமீட்டர். நசுங்கிய கீறல், ரிம் பக்க ஓட்டை, வால்வடி கிழிசல் எதற்கும் உதவாது. சில மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள், வகையைப் பொறுத்து, காய்ந்தோ வீரியம் குறைந்தோ போகும். வால்வையும் அடைக்கலாம். பெரிய தொல்லை பின்னால் வரும்: சீலன்ட் ஊற்றிய டியூபில் அதனால் அடைக்க முடியாத ஓட்டை விழுந்து ஒட்டப் போனால், திரவம் கசிந்துகொண்டே இருக்கும், சொல்யூஷன் பிடிக்காது. கடைக்காரரும் முகம் சுளிப்பார். ஒட்டும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வயல் வரப்பிலும் கருவேலங்காட்டு ஓரத்திலும் தினமும் ஓட்டுகிறவருக்கு, முள் குத்துவதற்கு முன்னாலேயே ஊற்றிவைப்பதாக இருந்தால் இது பயன்தரும். வருமுன் காப்புதான் இது. வந்த பஞ்சருக்கு மருந்தாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

## கடைக்கே கொண்டுபோவது

அருகில் சைக்கிள் கடை இருந்தால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைப்பழக்கம் உள்ளவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. கூலியும் ஒரு டியூபின் விலையை விடக் குறைவு. அந்தக் கடையைத் தேடுவதுதான் இப்போது சிரமம். பைக் பஞ்சர் கடைகளில் சிலர் சைக்கிளைத் தொடுவதில்லை. காற்றில்லாமல் ஏறி ஓட்டிக்கொண்டு போனால் டியூப் நாராகிவிடும், டயரும் வெட்டுப்படும். தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கம்ப்ரஸர் காற்றையும் கவனியுங்கள். ஒல்லி டயரின் சின்னக் கொள்ளளவு கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். டயரில் எழுதியிருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்தம்) அளவைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சக்கரம் கழற்ற வேண்டுமா | நேரம் | தாங்குவது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| சொல்யூஷன் ஒட்டு | வேண்டாம் | அரை மணி | டியூபின் ஆயுள்வரை | திறந்த சொல்யூஷன் காயும் |
| ஸ்டிக்கர் ஒட்டு | வேண்டாம் | பத்துப் பதினைந்து நிமிடம் | தற்காலிகம் (டி.பி.யூ. தவிர) | பிறகு மறுபடி ஒட்டணும் |
| புது டியூப் | கட்டாயம் | சைக்கிளைப் பொறுத்தது | முழு ஆயுள் | தவறான அளவு, பின் சக்கர வேலை |
| சீலன்ட் | வேண்டாம் | ஐந்து நிமிடம் | மாதங்கள் முதல் இரண்டு ஆண்டு | பின்னால் ஒட்ட முடியாது |
| கடை | அவர் பாடு | கடை தூரத்தைப் பொறுத்தது | கைத்திறமையைப் பொறுத்தது | தள்ளிக்கொண்டு போவது |

## உங்கள் நிலைக்கு எது

பழைய மாடல் சைக்கிள், பின் சக்கரம், முள் குத்திய ஒரு புள்ளி: யோசிக்காமல் சொல்யூஷன் ஒட்டு. சக்கரத்தைக் கழற்றாதீர்கள்.

குயிக் ரிலீஸ் சக்கரத்தோடு நெடுந்தூரம் ஓட்டுகிறவர்: பையில் ஒரு மாற்று டியூப், கூடவே ஸ்டிக்கர் ஒட்டு. வழியில் டியூபை மாற்றுங்கள், இரண்டாவது பஞ்சருக்கு ஸ்டிக்கர். ஓட்டையான டியூபை வீட்டுக்கு வந்து சொல்யூஷனில் ஒட்டுங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சைக்கிள் காலையில் காற்றில்லாமல் நிற்கிறது: வால்டியூபைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் அன்றைக்கு வேறு வழியில் அனுப்பிவிட்டு மாலையில் ஒட்டுங்கள். அவசரத்தில் ஒட்டியது மத்தியானம் திரும்பி வரும்போது பிய்ந்துவிடும்.

ஒரே டியூபில் ஏற்கனவே நாலைந்து ஒட்டு, அல்லது ஒட்டின் மேலேயே ஒட்டு வைக்க வேண்டிய நிலை, அல்லது இழுத்தால் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன: புது டியூப்தான். டயரின் நூல் தெரிகிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே மறுபடி பஞ்சர் ஒட்ட உட்கார வேண்டியிருக்கும்.

பின் சக்கரத்திலேயே மோட்டார் உள்ள மின் சைக்கிள்: கழற்றினால் ஒயர் இணைப்பையும் பிரிக்க வேண்டும், சக்கரமும் கனம். ஒட்டக்கூடிய ஓட்டை என்றால் சக்கரத்தை அசைக்காமல் ஒட்டிவிடுங்கள். வால்வடி கிழிந்திருந்தால் இணைப்பைப் பிரிக்கும் முன் ஒயர்கள் எப்படிப் போகின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மின்கலத்தையும் கழற்றி வையுங்கள். அதற்கும் தயக்கமாக இருந்தால் அந்த ஒரு வேலையைக் கடைக்காரரிடம் விடலாம்.